அட்டவணையில் இல்லாத மரம்

காலண்டரும் சீட்டுக்கட்டும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்துப் பிழைக்கிற எங்கள் ஊரில், மழை பெய்தால் காகிதம் நமத்துப்போகும் என்று மழையை வேண்டாமல் இருந்தோம், வெயில் அடித்தால் மை சீக்கிரம் காயும் என்று வெயிலைக் குறை சொல்லாமல் இருந்தோம், மரத்தைப் பற்றி யாரும் அதிகம் நினைத்ததில்லை. அப்படிப்பட்ட ஊருக்குக் கோயம்புத்தூரிலிருந்து நவநீதன் என்ற இளைஞர் தான் உண்டாக்கிய ஒரு விளையாட்டை அச்சடித்துப் பெட்டி போட்டு வாங்கிப் போக வந்தார். வரும்போது பேருந்தில் மடிமேல் கிடத்தி ஒரு கோலையும் கொண்டுவந்தார்.

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது. நாலைந்து பேர் சுற்றி உட்கார, ஒருவர் கதையைத் தொடங்குவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் ஆற்றைத் தாண்டுகிறேன், நான் பூதத்தோடு பேசிப் பார்க்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்து ஆறு வழிவிடும், அல்லது ஆளை அடித்துக்கொண்டு போகும். அதில் காட்டுக்காரி என்று ஒரு வேடம். அவள் கையில் இருப்பது கானகக்கோல். மண்ணில் ஊன்றினால் மரமாகும், ஊன்றியவர் தொட்டுக் கூப்பிட்டால் மறுபடி கோலாகும் என்பது ஆட்டத்தின் விதி. பெட்டியின் மேல் அந்தக் கோலின் படம் வேண்டும் என்பதற்காக நவநீதன் ஓர் ஆசாரியிடம் சொல்லி அதைச் செய்து வாங்கியிருந்தார்: தோள் உயரம், தலைப்பக்கம் கொடி சுற்றியது போலச் செதுக்கு, கொடிக்கு நடுவே ஒரு பச்சைக் கண்ணாடி மணி.

"சூதாட்டமா தம்பி?" என்று கேட்டார் அச்சக முதலாளி தங்கப்பெருமாள் அண்ணாச்சி.

"இல்லீங்கண்ணா. காசு வச்சு ஆடறதில்லை."

"அப்ப யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்கறதில்லீங்க. கதை முடிஞ்சா எந்திரிச்சுப் போயிருவோம்."

"அதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு லேமினேஷன்" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் வேலையை எடுத்துக்கொண்டார்.

படம் பிடிப்பதற்காகக் கோலை அச்சகத்தின் பின்வாசலில், லோடு ஆட்டோ வந்து திரும்புகிற வெற்றிடத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். மதியம் முகம் கழுவ வந்த மெஷின்காரர் முனியாண்டி, சட்டையைக் கழற்றி மாட்ட ஆணி எதுவும் அகப்படாமல், அந்தக் கோலை எடுத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்து ஈர மண்ணில் குத்தி அதன் மேல் சட்டையைப் போட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அங்கே ஒரு வேம்பு நின்றது. நல்ல விளைந்த வேம்பு, பூவும் பிஞ்சுமாக. அதன் உச்சிக் கொம்பில் அவருடைய சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டி ஒட்டுகிற பெண்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். முனியாண்டி மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாவி சட்டைப் பையில் இருக்கிறது, யார் ஏறி எடுப்பது என்று கேட்டார். நவநீதன், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்தவர் போல வந்து பார்த்துவிட்டு, "தொட்டுக் கூப்பிடுங்கண்ணா" என்றார். முனியாண்டி அடிமரத்தில் கை வைத்து, பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் "வாய்யா" என்றார். வேம்பு கோலாக நின்றது, கோலின் தலையில் சட்டை இருந்தது, பையில் சாவி இருந்தது, சட்டையில் மட்டும் வேப்பம்பூ வாசம் நாலு துவைப்புக்கும் போகவில்லை என்று அவர் மனைவி பின்னால் சொன்னாள்.

அன்று சாயந்திரம் அண்ணாச்சி ஊன்றினார். தனக்கு ஆலமரம் வரும் என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்ன விதத்தில் அது தெரிந்தது. முருங்கை வந்தது. பெட்டி ஒட்டுகிற ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அண்ணாச்சி மரத்தைச் சுற்றி வந்து, "காய்ப்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூப்பிடுவதற்கு முன்னால் சாம்பாருக்கு நாலு காய் பறித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஊரே வந்தது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் உணவு இடைவேளையிலும் வேலை விட்ட பிறகும் மட்டும் ஊன்றலாம் என்று அண்ணாச்சி கட்டுப்பாடு வைத்தார். பல் டாக்டருக்குக் கொன்றை வந்தது. வட்டிக்குக் கொடுக்கிற ஒருவருக்கு நல்ல நிழல் தரும் புங்கை வந்து எல்லாரையும் யோசிக்க வைத்தது. கவுன்சிலருக்கு இடுப்பு உயரத்தில் ஆமணக்கு வந்தது; கை வழுக்கிவிட்டது என்றார், மறுநாள் மறுபடி ஊன்றினார், மறுபடியும் ஆமணக்கு. ஒருவருக்கு ஒரு மரம்தான், எத்தனை முறை ஊன்றினாலும் அதேதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் மனைவி ஊன்றியபோது புளி வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள்.

இப்படியே விட்டிருந்தால் ஆடிப் பார்த்து அலுத்துப்போயிருப்போம். ஆனால் அது ஆடி மாதம்; ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு பெரிய ஷீட்டில் பல வேலைகளைச் சேர்த்து அடிக்கும்போது ஓரத்தில் கையகலம் இடம் மிஞ்சினாலும் அதை வெறுமையாக விடுவது எங்கள் தொழிலில் பாவம். எங்கள் ஊர் டிசைனர்கள் மிச்ச இடத்தில் விசிட்டிங் கார்டு வைப்பார்கள், சாமி படம் வைப்பார்கள், பல்லி விழும் பலன் வைப்பார்கள். அந்த வருடம் அண்ணாச்சியின் டிசைனர் சுடலைமணி தினசரிக் காலண்டரின் பின்னட்டைக்கு ஷீட் போட்டபோது கொஞ்சம் இடம் மிஞ்சியது. டீ வருவதற்குள் அவன் அதில் 'மரப் பொருத்தம்' என்று தலைப்புப் போட்டு ஓர் அட்டவணை வைத்தான். இடப்பக்கம் பெண்ணின் மரம், மேலே மாப்பிள்ளையின் மரம், நடுவில் உத்தமம், மத்திமம், பொருந்தாது. எதற்கு எது என்று அவன் யாரையும் கேட்கவில்லை. வேம்புக்குத் தேக்கு உத்தமம், புளிக்கு முருங்கை பொருந்தாது என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனான். டீ வந்தபோது இடம் முடிந்திருந்தது, அட்டவணையும் முடிந்தது.

அது சுடலைமணி டீக்கு முன்னால் செய்த வேலை என்பது அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், அச்சாகி, காய்ந்து, வெட்டி, பின்னடித்து, ஆணியில் தொங்கிய பிறகு அதை நாங்களே நின்று படித்தோம். வருடம் முழுவதும் மற்றவர்கள் நம்புவதற்காக அச்சடிக்கிறவர்களுக்குத் தாங்கள் அடித்த ஒன்றையாவது நம்பிப் பார்க்கும் ஆசை இருக்கும் போலிருக்கிறது. ஆவணி பிறந்து கல்யாணப் பேச்சுகள் தொடங்கியபோது, ஜாதகம் பார்த்த கையோடு, "பிள்ளைக்கு என்ன மரம்?" என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்துப் பெண்களைக் கூட்டிவந்து ஊன்றவைத்தார்கள். பெண் ஊன்றுவாள், மரம் வரும், காலண்டரைத் திருப்பிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளைகள் ஊன்றவில்லை. "எங்க பையன் தேக்கு" என்று வாயால் சொன்னார்கள், அதை எழுதிக்கொண்டார்கள். அந்த ஆவணியில் எங்கள் வட்டாரத்தில் தேக்கு இல்லாத மாப்பிள்ளையே இல்லை.

குருலட்சுமி அந்த அச்சகத்தில் பஞ்சிங் மெஷின் ஓட்டுகிறவள். அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டித் தள்ளுகிற மெஷின் அது. கண் அசந்தால் விரல் போய்விடும் என்பதால் ஆண்களே யோசிக்கிற வேலை. அப்பா இல்லாத வீட்டில் தங்கை பொன்னுத்தாயைக் கட்டிக்கொடுத்த பிறகே தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிட்டாள், எடுத்தபோது முப்பது தாண்டியிருந்தது. பேச்சை எடுத்ததும் அவள்தான். தரகர் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டு, அச்சகத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற கந்தவேல் வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று அவளே சொன்னாள். கந்தவேல் அதிகம் பேசாதவன். பெட்டிகளை ஏற்றும்போது கனமானதைத் தானே எடுத்துக்கொண்டு லேசானதை மற்றவருக்கு விடுவான், அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் சரி என்றார்கள். ஜாதகம் சேர்ந்தது. அவன் அம்மா மூக்கம்மாள் மட்டும், "எல்லாரும் பாக்கிற மாதிரி மரத்தையும் பாத்துருவோம்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் இரண்டு வீட்டுக்காரர்களும் அச்சகத்தின் பின்வாசலில் கூடினார்கள். குருலட்சுமி தலையில் பூ வைத்துக்கொண்டு, மெஷினுக்கு அட்டை கொடுக்கிற நிதானத்தோடு கோலை வாங்கி, வெற்றிடத்தின் நட்ட நடுவில் ஊன்றினாள். மரம் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் வந்தது. பட்டுச்சேலைக்காரர்கள் பின்னால் போய்ச் சுவரில் ஒண்டினார்கள். சீமைக் கருவேலம். வளைந்து நெளிந்த கொம்பு, சின்னச் சின்ன இலை, மஞ்சள் பூக்கதிர், கொத்துக் கொத்தாகக் காய், எங்கும் முள். ஊரைச் சுற்றி அரசாங்கம் பொக்லைன் வைத்துப் பிடுங்கிப் போட்டும் அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்கிற அதே மரம்.

வெயிலுமுத்து காலண்டரைத் திருப்பி விரலை வைத்துத் தேடினார். மேலிருந்து கீழே போனார், கீழிருந்து மேலே வந்தார்.

"இதுல இல்லையே" என்றார்.

"இடம் பத்தல" என்றான் சுடலைமணி. அது உண்மை. ஆனால் அந்தச் சமயத்தில் அது சமாதானம் போலத்தான் கேட்டது.

"இல்லைன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

"பொருந்தாதுன்னா பொருந்தாதுன்னு போட்டிருக்கும். போடவே இல்லைன்னா..." வெயிலுமுத்து முடிக்கவில்லை.

ராமுத்தாய் பெட்டி ஒட்டிய பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். "ஏ மூக்கம்மா, நீ இந்த மரத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தானே புருசன் இல்லாம மூணு பிள்ளையை வளத்த?"

"வளத்தேன். இல்லேங்கல. அதுக்காக அதை வீட்டுக்குள்ள கொண்டாந்து நடணுமா?"

மூக்கம்மாள் போய்விட்டாள். கந்தவேல் ஒரு நிமிடம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அம்மாவை வீட்டில் விட வேண்டும் என்பதால் அவனும் போனான்.

குருலட்சுமி மரத்தைக் கூப்பிடவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள், மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். மரம் நின்றது. ஊன்றியவர் கூப்பிட்டால்தான் வரும் என்பதால் வேறு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊன்றக் காத்திருந்த பெண்வீட்டார் வேனில் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆடுகள் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து காய் தின்றன. பெட்டி ஒட்டுகிற பெண்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அதன் நிழலில் சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்தார்கள், பிறகு காய்ந்த கொம்பை ஒடித்து அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். நவநீதனின் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன. அவர் தினமும் மரத்தைச் சுற்றி நடந்துவிட்டு, "நம்ம ஆட்டத்துல இப்படி ஒரு சூழ்நிலை யாரும் யோசிச்சதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மெஷின் பக்கம் வந்து நின்றார். "யம்மா, கூப்பிட்டுரு. வண்டி திரும்ப மாட்டேங்குது."

"ரிவர்ஸ்ல எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெயிலுமுத்து ஒரு யோசனையோடு வந்தார். இரண்டு பேர் சேர்ந்து பிடித்து ஊன்றினால் அடியில் பிடித்தவரின் மரம்தான் வரும் என்பது தரகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சில கல்யாணங்கள் அப்படித்தான் முடிந்திருந்தன.

"உன் தங்கச்சிக்கு வேம்பு. வேம்புக்கும் தேக்குக்கும் உத்தமம். கோலைக் கூப்பிட்டுரு தாயி. அடுத்த வெள்ளி கூட்டமா நின்னு ஊனுவோம். பொன்னுத்தாயி கை கீழ இருக்கும், உன் கை மேல இருக்கும். முந்தி வந்தது கோளாறுன்னு நான் பேசிக்கிறேன்."

"அந்த அம்மா நம்புமா?"

"நம்புறதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. மகன் முகத்தைப் பாக்க முடியலையாம்."

குருலட்சுமி மெஷினை நிறுத்தினாள். அவளுக்குக் கந்தவேல் வேண்டும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, ஊருக்கே தெரியும். இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கையின் கைக்கு மேல் தன் கை, அவ்வளவுதான், அவன் வீட்டு விளக்கை அவள் ஏற்றலாம். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் அவள் வேம்பு. அவள் வெகுநேரம் யோசித்தாள். பொன்னுத்தாய் வந்து, "நான் வாயைத் திறக்க மாட்டேங்க்கா" என்று அழுதபோது இன்னும் கொஞ்சம் யோசித்தாள்.

நவநீதனின் கடைசிப் பெட்டிகளை லாரி ஆபீசுக்கு ஏற்ற வேண்டிய நாளன்று கந்தவேல் வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்தான், பின் டயரில் முள் ஏறிக் காற்று இறங்கியது. அவன் டயரைக் கழற்றி மரத்தடியில் உட்கார்ந்து ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குருலட்சுமி தண்ணீர் குடிக்க வருகிறவள் போல வந்தாள்.

"என் முள்ளா?"

"வேற யார் முள்ளு இங்க இருக்கு" என்றான்.

"வலிக்குதா?"

"டயருக்குத்தானே."

அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "உங்களுக்கு என்ன மரம்?" என்று கேட்டாள்.

"அம்மா தேக்குங்குது."

"நீங்க ஊனிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஊனுவீங்களா? எது வந்தாலும் வரட்டும். நான் மட்டும் ஏன் நிக்கணும் எல்லார் முன்னாடியும்."

கந்தவேல் ட்யூபில் பசை தடவினான், பட்டி ஒட்டினான், அது பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்தான். "கூப்பிடு. ஊனுறேன்."

குருலட்சுமி முள் படாமல் கையை நுழைத்து அடிமரத்தைத் தொட்டு, "வா" என்றாள். வெற்றிடம் வெறும் இடமானது. கோல் அவள் கையில் இருந்தது. மெஷின் சத்தத்தையும் மீறி விஷயம் எப்படியோ பரவி, எல்லாரும் பின்வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூக்கம்மாளையும் யாரோ போய்க் கூட்டிவந்தார்கள். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் கந்தவேல் கோலை வாங்கி மண்ணில் ஊன்றினான்.

ஒன்றும் வரவில்லை.

அவன் கொஞ்சம் ஆழமாகக் குத்தினான். இடம் மாற்றிக் குத்தினான். கோல் கோலாகவே நின்றது, பச்சை மணி வெயிலில் மினுங்கியது. பின்னால் எத்தனையோ பேர் ஊன்றிப் பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு மந்திரப் பொருளுக்கும் ஆட்டத்தில் இத்தனை தடவை என்று ஒரு அளவு உண்டு, இதற்கு எவ்வளவு என்று நான் நிர்ணயிக்கவே இல்லை என்று நவநீதன் சொன்னார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கந்தவேலுக்கு மரமே இல்லை என்பதுதான்.

"மெதுவா வரும்" என்றார் அண்ணாச்சி, இரக்கத்தோடு.

"எனக்கு ஆமணக்காவது வந்துச்சு" என்று கவுன்சிலர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

வெயிலுமுத்து காலண்டரைத் திருப்பினார், பிறகு திருப்புவதற்கு ஒன்றும் இல்லை என்று மடக்கிக்கொண்டார். மூக்கம்மாள் மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "விட்ருடா. வா வீட்டுக்கு. எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்மா" என்றான். "அவ நின்னா. நானும் நிக்கேன்."

அவன் நின்றான். கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிழல் இருந்து இல்லாமல் போன அந்த இடத்தில், உச்சி வெயில் சாயும்வரை நின்றான். பார்த்தவர்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கூச்சம் வந்தது, பிறகு வேலை ஞாபகம் வந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூக்கம்மாள் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டு, அழுது முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பஞ்சிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கையிலிருந்த அட்டைக் கட்டு முடிகிறவரை குருலட்சுமி மெஷினை விட்டு வரமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு சத்தம் நின்றது.

அவள் வெளியே வந்து கந்தவேல் முன்னால் நின்றாள்.

"போதும், விடுங்க."

"ஒண்ணும் வரலையே."

"வராட்டிப் போகுது. லாரி ஆபீசு மூடிருவான், லோடு ஏத்தணும்ல."

அவன் கையை எடுத்தான். கோல் கொஞ்ச நேரம் தானாக நின்று பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது, யாரும் எடுக்கவில்லை. அவன் டயரை மாட்டினான், அவள் பெட்டிக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள், இந்த முறை கனமானதை அவளும் எடுத்தாள், அவன் தடுக்கவில்லை. ஏற்றி முடிந்ததும் குருலட்சுமி முன்னால் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கிளம்பவில்லை. கந்தவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தொட்டிப் பக்கம் பார்த்தான்.

"அம்மா, வாரியா?"

மூக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "நான் எங்கடா உக்கார?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் போய், ராமுத்தாய் கைகொடுக்க, ஏறி, பெட்டிகளின் மேல் சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் அந்த வெற்றிடத்திலேயே ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. திரும்பும்போது சாய்ந்த வெயில் கண்ணில் பட்டு மூக்கம்மாள், "மெதுவாப் போகச் சொல்லு தாயி அவனை" என்று முன்பக்கம் பார்த்துச் சொன்னாள்.